ஆனந்தரங்கரின் ஏட்டில் வாடைக்காற்று

1746 அக்டோபர் 13. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் நேரம். அன்று பகல் முழுவதும் சென்னைக் கடல் அமைதியாகக் கிடந்தது. ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நின்றன. மூன்று வாரத்துக்கு முன்புதான் அந்தக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்திருந்தார் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே. கிடங்குகளில் இருந்த சரக்கு கப்பலேறிக்கொண்டிருந்தது. நள்ளிரவு வாக்கில் காற்று திரும்பியது. மறுநாள் நண்பகல் வரை அது ஓயவில்லை. விடிந்தபோது சில கப்பல்கள் கடலடியில் இருந்தன. தப்பியவை பாய்மரம் முறிந்து மிதந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அந்த ஒரு இரவின் காற்று தென்னிந்திய அரசியலைப் புரட்டிப்போட்டது. சென்னையை என்ன செய்வது என்பதில் லா பூர்தொனேவுக்கும் புதுச்சேரி குவர்னர் துய்ப்ளேக்ஸுக்கும் கடும் சண்டை. பணம் வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தர லா பூர்தொனே ஒப்புக்கொண்டிருந்தார். துய்ப்ளேக்ஸுக்கு அது பிடிக்கவில்லை. கப்பல்கள் கையில் இருந்தவரை லா பூர்தொனேவின் சொல்லுக்கு எடை இருந்தது. புயலுக்குப் பிறகு அவர் மிச்சக் கப்பல்களோடு கடற்கரையை விட்டுப் போனார். நாடு திரும்பியதும் பஸ்தீல் சிறையில் அடைபட்டார். அவர் விட்டுச் சென்ற ஆயிரத்துச் சொச்சம் பயிற்சி பெற்ற வீரர்கள் துய்ப்ளேக்ஸின் கைக்கு வந்தார்கள். அடுத்த சில வாரங்களில் அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை ஒரு சிறு பிரெஞ்சுப் படை விரட்டியடித்தது. ஐரோப்பியக் கும்பினிகள் இந்த நாட்டில் வியாபாரத்தோடு நிற்க வேண்டியதில்லை என்று முதன்முதலாகத் தெரிந்த இடம் அது.

இத்தகைய திருப்பங்களைப் புதுச்சேரியிலிருந்து நாள்தோறும் எழுதிவந்தவர் ஒரு வியாபாரி, ஆனந்தரங்கப் பிள்ளை. கப்பல் வந்ததும் போனதும், காற்று மாறியதும், துணி விலை ஏறியதும், குவர்னர் கோபப்பட்டதும், தெருவில் இரண்டு சாதிகள் மோதியதும் அவர் ஏட்டில் அடுத்தடுத்து வரும். எது பெரிய சேதி, எது சின்னச் சேதி என்று அவர் தரம் பிரிக்கவில்லை. பின்னால் வந்த சரித்திர ஆசிரியர்கள் அந்தப் பிரிப்பைச் செய்தார்கள். போரும் உடன்படிக்கையும் புத்தகத்துக்குள் போயின, காற்றும் சந்தைப் பேச்சும் வெளியே நின்றன. ஆனால் புதுச்சேரியின் கதை அந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பிடிபடும்.

பிள்ளை 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தந்தை திருவேங்கடம் பிள்ளை, மைத்துனர் நைனியப்பப் பிள்ளையின் வழியில் புதுச்சேரிக்கு வந்தார். நைனியப்பர் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாசி, அதாவது கும்பினிக்கும் ஊர் வணிகருக்கும் நடுவே நின்ற மொழிபெயர்ப்பாளரும் தரகரும். குவர்னர் எபேரின் காலத்தில் அவர்மேல் குற்றம் சாட்டிச் சிறையில் போட்டார்கள். 1717-இல் சிறையிலேயே இறந்தார். பின்னர் பிரான்சில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்கே போய் ஞானஸ்நானமும் அரச விருதும் பெற்றுத் திரும்பி, தந்தையின் பதவியில் அமர்ந்தார். குவர்னரின் தயவு எத்தனை நாள் நிற்கும் என்பதை ஆனந்தரங்கர் சிறுவயதிலேயே வீட்டுக்குள் பார்த்து வளர்ந்தார். யார் எந்த நாளில் என்ன சொன்னார் என்று எழுதி வைக்கும் பழக்கத்துக்கு அந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

குவர்னர் லெனுவார் காலத்தில் பரங்கிப்பேட்டை நெசவு, சாயப் பட்டறைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. லாலாப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் கடை வைத்தார். பிற்பாடு 'ஆனந்தப்புரவி' என்ற சொந்தக் கப்பலும் ஓட்டினார். ஏடு தொடங்குவது 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி, நள வருஷம் ஆவணி மாதத்தில். அப்போது அவருக்கு வயது 27. பெரிய பதவி எதுவும் கிடையாது. தலைமைத் துபாசி கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்த பிறகு, மறு ஆண்டில்தான் அந்த இடம் அவருக்கு முறைப்படி கிடைத்தது. ஆகவே ஏட்டின் முதல் பத்தாண்டு, அதிகாரத்தின் வாசலில் நின்று காது கொடுத்த ஒரு வியாபாரியின் குறிப்பு.

அந்த வியாபாரிக்குக் காற்றுதான் பஞ்சாங்கம். புதுச்சேரிக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டத் திறந்த கடலில் நிற்கும். அலையை வெட்டிக்கொண்டு சலங்கு என்னும் படகுகள் போய்ச் சரக்கையும் ஆளையும் இறக்கும். அலை பெருத்தால் சலங்கும் போகாது, கட்டுமரத்தில் கடிதம் மட்டும் போகும். தென்மேற்குக் காற்றைப் பிடித்து ஐரோப்பாவிலிருந்தும் மொரீசியஸிலிருந்தும் கப்பல்கள் ஆனி, ஆடி, ஆவணியில் வந்து சேரும். அவற்றில் வெள்ளி வரும். அந்த வெள்ளியில்தான் நெசவாளருக்கு முன்பணம். முன்பணம் கைமாறினால்தான் தறி ஓடும், நீலச் சாயத் தொட்டி நிறையும். ஐப்பசியில் வாடை எழுந்ததும் கடற்கரையில் நிற்பது ஆபத்து என்று கப்பல்கள் விலகிப்போகும்; மழைக்காலம் கழிந்து தை வாக்கில் துணி மூட்டைகளோடு ஐரோப்பாவுக்குக் கிளம்பும். கப்பல் ஒரு மாதம் பிந்தினால் ஊரெங்கும் கடன் நெருக்கடி. கொடிமரத்தில் கொடி ஏறியது என்ற சேதியைப் பிள்ளை அத்தனை ஆவலோடு குறித்து வைத்ததற்குக் காரணம் அதுதான்.

கப்பல் வந்தால் பீரங்கி முழங்கும். எத்தனை குண்டு போட்டார்கள் என்று எண்ணி எழுதுவார். கப்பலுக்கு இத்தனை, கோட்டையின் பதிலுக்கு இத்தனை, நவாபின் தூதர் வந்தால் இத்தனை. இன்றைய வாசகருக்கு அது சலிப்பூட்டலாம். அன்றைய ஊருக்கு அந்த எண்ணிக்கை பத்திரிகைத் தலைப்புக்குச் சமம். யாருக்கு எத்தனை குண்டு மரியாதை என்பதை வைத்தே யாருடைய நட்சத்திரம் ஏறுகிறது, யாருடையது இறங்குகிறது என்று கடைத்தெரு கணித்துவிடும்.

ஊரின் கேளிக்கைகளும் கொண்டாட்டங்களும் ஏட்டில் நிறைய. புத்தாண்டு நாளில் வணிகர்கள் குவர்னரைப் பார்க்கக் காணிக்கையோடு வரிசை கட்டியது, ஆகஸ்ட் 25-இல் ராஜாவின் திருநாளான சென் லூயிப் பண்டிகைக்கு நடந்த விருந்து, பல்லக்கு ஊர்வலம், கல்யாணச் சீர், நல்ல நேரம் பார்த்தது, ஜோசியர் சொன்னது பலித்ததும் பலிக்காததும் எல்லாம் உண்டு. 1745-இல் கனகராய முதலியார் இறந்துபோன தம் மகனின் நினைவாக உழவர்கரையில் கட்டிய மாதா கோவிலின் விழாவுக்கு எல்லாச் சாதியாரையும் அழைத்து, அவரவர் வழக்கப்படி தனித்தனியே விருந்து வைத்தார். பிள்ளை அதை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு மதத்துக்குப் போனவர் அந்த மதத்து வழக்கப்படி நடக்க வேண்டாமா என்று குறையும் சொல்லியிருக்கிறார். கனகராயர் அவருக்குப் போட்டியாளர் என்பதை நினைவில் வைத்துத்தான் அதை வாசிக்க வேண்டும். ஆனால் ஒரே ஊரில் கிறிஸ்தவமும் சாதியும் எப்படிக் கலந்து வாழ்ந்தன என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி வேறு இல்லை.

அவருடைய சாய்வுகளை மறைக்கத் தேவையில்லை. சாதிப் பெருமை எழுத்தெங்கும் உண்டு. துய்ப்ளேக்ஸின் மனைவி ழான் அம்மையார்மேல் அவருக்கு இருந்த வெறுப்பு பக்கம் பக்கமாக ஓடுகிறது. கோவில் விஷயங்களிலும் பதவி நியமனங்களிலும் அம்மையார் தலையிடுகிறார் என்பது பிள்ளையின் தீராத மனக்குறை. அதே கைதான், 1743-இல் ஏழைகளை ஏமாற்றிக் கடத்தி அடிமைகளாகக் கப்பலேற்றிவந்த கூட்டம் பிடிபட்டதையும் எழுதி வைத்தது. கும்பினியின் கணக்குப் புத்தகத்தில் சரக்காக மட்டும் தெரிந்த மனிதர்கள் இவர் ஏட்டில் அழுகையோடும் ஊர் பேரோடும் தெரிகிறார்கள். சாய்வுள்ள ஒருவர் தினமும் எழுதினால், அவருக்குப் பிடிக்காததும் பிடிபடாததும்கூட ஏட்டுக்குள் வந்து சேர்ந்துவிடும். அரண்மனைப் புலவரின் பிரபந்தத்தில் அது நடக்காது. பிள்ளையைப் பற்றியே அப்படிப் பல நூல்கள் எழுந்தன. தியாகராய தேசிகர் 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். சீனிவாச கவி வடமொழியில் 'ஆனந்தரங்க விஜய சம்பு' இயற்றினார். தெலுங்கிலும் கஸ்தூரி ரங்க கவி அவர் பெயரில் ஒரு யாப்பு நூல் செய்தார். அவற்றில் பிள்ளையின் புகழ் இருக்கிறது. அவர் வாழ்ந்த ஊரைத் தேடுகிறவர் ஏட்டைத்தான் திறக்க வேண்டும்.

1748 ஆகஸ்டில் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் பெரும்படையோடு புதுச்சேரியை முற்றுகையிட்டார். அரியாங்குப்பத்தில் தொடங்கிய சண்டையில் பிரெஞ்சுப் பொறியாளரும் படைத்தலைவருமான பராதி அடிபட்டு இறந்தார். குண்டுகள் ஊருக்குள் விழுந்தன. அந்தக் குழப்பத்துக்கு நடுவே, செப்டம்பரில், பாதிரிமார் நெடுங்காலம் கேட்டுவந்த ஒன்றைத் துய்ப்ளேக்ஸ் அனுமதித்தார்: வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. பிள்ளை அப்போது குவர்னரின் வலதுகை, தடுக்க முடியவில்லை. அந்த நாட்களின் பக்கங்களில் வழக்கமான கணக்குத் தொனி உடைந்து, துக்கமும் இயலாமையும் நேரடியாகப் பேசுகின்றன. ஊரார் கூடிப் பேசியது, யார் எதிர்த்தார், யார் பயந்து பின்வாங்கினார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தமக்கு நேர்ந்த அவமானத்தையும் அவர் விடவில்லை.

முற்றுகையை முடித்து வைத்ததில் மழைக்குப் பெரும்பங்கு உண்டு. ஐப்பசி பிறந்தது; வானம் இருண்டது. பதுங்குகுழிகளில் தண்ணீர், முகாமில் காய்ச்சல். ஆயிரத்துக்கும் அதிகமான ஐரோப்பிய வீரர்களை இழந்திருந்த பாஸ்கவன், இனிமேல் கப்பல்களை இந்தக் கடலில் நிறுத்தவும் முடியாது என்று கண்டு அக்டோபர் நடுவில் விலகினார். புதுச்சேரியில் வெற்றி விழா நடந்தது. அடுத்த ஏப்ரலில், சித்திரைப் புயல் ஒன்று அவருடைய கொடிக்கப்பலான 'நாமூர்' கப்பலைத் தேவனாம்பட்டினத்துக்கு அருகே மூழ்கடித்தது. அதில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். 'பெம்புரோக்' என்ற இன்னொரு போர்க்கப்பலும் அதே புயலில் போனது.

பிள்ளையின் வாழ்வில் உச்சம் அதை ஒட்டி வந்தது. 1749-இல் பிரெஞ்சுக்காரரின் கூட்டாளியான முசபர் ஜங் அவருக்கு 3,000 குதிரைக்கான மன்சப்தார் பட்டம் தந்தார். 1750 மழைக்காலத்தில் தக்காணத்து நிஜாம் நாசிர் ஜங்கின் பெரும்படை செஞ்சிப் பக்கம் பாளையமிறங்கியிருந்தது. மழை கொட்டி, இரண்டு பக்கமும் ஆறுகள் பெருகி, படை நகர முடியாமல் சேற்றில் மாட்டிக்கொண்டது. தானியம் அற்றது, நோய் பரவியது. அந்த வாரங்களில்தான் நாசிர் ஜங்கின் பக்கம் இருந்த பட்டாணிய நவாபுகளோடு துய்ப்ளேக்ஸின் ரகசியப் பேச்சு முற்றியது. டிசம்பர் 16 அன்று பிரெஞ்சுப் படை பாளையத்தைத் தாக்கியபோது, நாசிர் ஜங் தம் பக்கத்து நவாப் ஒருவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். புதுச்சேரி திருவிழாக் கோலம் கொண்டது. துய்ப்ளேக்ஸ் நவாப் உடை தரித்து முசபர் ஜங்கோடு கொலுவிருந்தார். சூழ்ச்சி துய்ப்ளேக்ஸுடையது, அதற்கு வேண்டிய அவகாசத்தைக் கொடுத்தது கார்த்திகை மழை.

வீழ்ச்சியும் வேகமாக வந்தது. 1754-இல் துய்ப்ளேக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். அடுத்து வந்த குவர்னர் லெரியின் காலத்தில், 1756-இல், பிள்ளையின் துபாசிப் பதவி பறிபோனது. உடம்பு நலிந்தது, கடன் மூடியது. ஏட்டை மட்டும் நிறுத்தவில்லை. புதிய பிரெஞ்சுத் தளபதி லாலி பிரபு வந்து, சென்னை முற்றுகையில் தோற்று, வந்தவாசியில் தோற்று, 1760-இல் புதுச்சேரிக்குள் அடைபட்டார். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் நிலப்பக்கம் சூழ்ந்தார். கடற்பக்கம் ஆங்கிலேயக் கப்பல்கள். நவம்பரில், உணவை மிச்சப்படுத்த லாலி சுமார் 1,400 ஊர்மக்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். இரு படைக்கும் நடுவே அவர்கள் ஒரு வாரம் பட்டினி கிடந்தார்கள்; அதன் பிறகே கூட் வழிவிட்டார்.

1761 புத்தாண்டு நாளில் கடைசி முறையாகக் காற்று புதுச்சேரிக்குச் சாதகமாக அடித்தது. இரவு எழுந்த புயலில் முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களில் 'தியூக் தாக்கித்தேன்', 'சன்டர்லேண்ட்' உள்ளிட்டவை ஆளோடு மூழ்கின. வேறு சில அரியாங்குப்பம் பக்கம் கரை ஒதுங்கின. ஏறத்தாழ 1,100 பேர் இறந்தார்கள். கடல்வழி திறந்துவிட்டது என்று லாலி பழவேற்காட்டுக்கும் தரங்கம்பாடிக்கும் உணவு கேட்டு ஆள் அனுப்பினார். ஆனால் சில நாட்களிலேயே தப்பிய கப்பல்கள் பழுது பார்க்கப்பட்டுத் திரும்பி வந்து நின்றன. ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. அதற்குச் சில நாள் முன்பு ஆனந்தரங்கப் பிள்ளை இறந்துபோயிருந்தார். வெற்றி பெற்றவர்கள் கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிள்ளையின் பெயர் தாங்கிய தெருவில் இருக்கும் அவர் வீடு, அந்த அழிவில் தப்பிய மிகச் சில கட்டடங்களில் ஒன்று. கீழ்த்தளத்தில் மரத்தூண்கள், மேல்தளத்தில் ஐரோப்பியப் பாணிச் சுதைத் தூண்கள்.

அதே கடற்கரை இன்றும் அதே காலக் கணக்கில்தான் அடி வாங்குகிறது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. 1761-இன் புயலுக்கும் அதற்கும் நாள்காட்டியில் இரண்டு நாள் வித்தியாசம். 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கருவி வைத்து அளக்கத் தொடங்கியதற்கு முந்திய காலத்துப் புயல்களை அறியக் கப்பல் குறிப்புகளும் இத்தகைய ஏடுகளுமே துணை. இருபத்துநாலு ஆண்டுக்கு மேல் ஒரே ஊரில் ஒரே கை எழுதிய குறிப்பு என்பது அந்தத் தேடலில் பெரிய சொத்து.

அந்தச் சொத்து எண்பத்தைந்து ஆண்டு குடும்பத்தாரின் வீட்டில் கிடந்தது. 1846-இல் புதுச்சேரியைச் சேர்ந்த அர்மான் கலுவா மோம்பிரேன் அதைக் கண்டு நகல் எடுத்தார். தமிழறிந்த ஏரியேல் எடுத்த நகல் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழில் எழுதப்பட்ட ஏடு தமிழில் அச்சேறத் தொடங்கியது 1948-இல்தான், அதுவும் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் கடைசிக் காலத்தில். 12 தொகுதிகளும் முழுமையாகத் தமிழில் கிடைக்க, மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த 2019-ஆம் ஆண்டு வெளியீடு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கு நடுவே பொதுவாசகரிடம் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பிரபஞ்சன். புதுச்சேரிக்காரரான அவர் இந்த ஏட்டிலிருந்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்களை உருவாக்கினார்; இரண்டாவதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஏட்டின் ஓரத்தில் வந்துபோகும் தாசிகளும் சேவகர்களும் நெசவாளரும் அந்த நாவல்களில் நடுக்கூடத்துக்கு வந்தார்கள்.

எழுதும் பழக்கம் பிள்ளையோடு நிற்கவில்லை. அவருடைய தம்பி மகன் ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை 1761 முதல் 1768 வரை தொடர்ந்து எழுதினார். அடுத்த தலைமுறையில் முத்து விஜய திருவேங்கடம் பிள்ளை 1794 முதல் 1796 வரை எழுதினார். குடும்பத்துக்கு வெளியே, நகரக் காவல் பொறுப்பில் இருந்த இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். அதைத் தேடியெடுத்துப் பதிப்பித்தவர் ஓர்சே மா. கோபாலகிருஷ்ணன். பிரெஞ்சுப் புரட்சியின் சேதி கப்பலேறி வந்து புதுச்சேரித் தெருக்களில் என்ன கலக்கம் உண்டாக்கியது என்பதைத் நேரில் பார்த்துத் தமிழில் எழுதியவர் வீரா நாயக்கர். ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதியைத் துபாசி, வணிகர், காவல் அதிகாரி என்று வெவ்வேறு கண்கள் தமிழில் பதிந்து வைத்த நகரம் புதுச்சேரி. இந்த ஏடுகளை ஒன்றாக வைத்து, எந்த நாளில் எந்தக் காற்று, எந்தக் கப்பல், எந்த விலை, எந்த வதந்தி என்று வரிசையாகத் தொகுக்கும் வேலை இன்னும் தமிழ் ஆய்வாளர்களுக்குக் காத்திருக்கிறது.